நிரந்தரம் என்று பொய் சொன்ன பெட்டி

அத்தியாயம் 4

"முதல்ல அந்தப் பொண்ணோட போனைக் குடுங்க. மத்ததை அப்புறம் பேசிக்கலாம்."

குந்தவை நீட்டிய கையை மடக்கவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஆபீஸ் முதலாளி பெரியநாயகசாமி ஒரு தடவை கூரையைப் பார்த்தார், ஒரு தடவை வாசலைப் பார்த்தார். இரண்டு இடத்திலும் உதவி கிடைக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"ஒரு பாதுகாப்புக்குத்தான் மேடம் வாங்கி வெச்சேன்."

"யாரோட பாதுகாப்புக்கு?"

அவர் போனை இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளினார். மூலையில் நின்றிருந்த, அங்கே வேலை பார்க்கும் ஜாஸ்லின் போனை வாங்கிக்கொண்டாள். கண் இரண்டும் வீங்கிக் கிடந்தன. காலையிலிருந்து அவளை அங்கேயே நிற்க வைத்திருக்கிறார்கள், உட்காரச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை.

"நாற்காலிக்குத் தனியா டிக்கெட் வாங்கணுங்களா சார்?" என்று விசாரித்தான் இப்ராஹிம்.

அவன் குந்தவையின் உதவியாளன். அவளுடைய பழைய காரை ஓட்டுவது, பையைத் தூக்குவது, யாரைப் பகைத்துக்கொள்ளக் கூடாதோ அவரைப் பகைத்துக்கொள்வது, மூன்றும் அவன் வேலை. அதற்கு முன்னால் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவன். குந்தவை போலீஸ் சைபர் பிரிவில் இருந்தவள். மேலதிகாரி ஒருவரிடம் நாலு பேர் முன்னால் உண்மையைச் சொல்லிவிட்டு வெளியே வந்து, தஞ்சாவூரில் தனியாக ஏஜென்சி வைத்திருக்கிறாள். கோபத்தை மட்டும் ராஜினாமா செய்யவில்லை.

இன்றைக்குக் கோபப்பட நியாயம் நிறையவே இருந்தது. கீழ்வேளூர் கடைத்தெரு மாடியில் இருந்த அந்த ட்ரோன் சர்வே ஆபீசின் படிக்கட்டு முழுக்க விவசாயிகள். முழங்கால்வரை சேறு காய்ந்திருந்தது. பெய்த மழை வழக்கமான மழைதான், ஆனால் தண்ணீர் வடியவில்லை. வடிகாலை எங்கேயோ யாரோ அடைத்துவிட்டார்கள். சம்பாப் பயிர் மூழ்கி, அழுகி, நாற்றம் அடிக்க ஆரம்பித்துவிட்டது. ஊரே சேர்ந்து ட்ரோன் விட்டு மேலிருந்து படம் எடுத்தார்கள். அடைப்பு எங்கே என்று அந்தப் படங்கள்தான் சொல்லும். இன்று மத்தியானம் நாகப்பட்டினத்தில் அதிகாரி முன் விசாரணை. படத்தைக் காட்டினால் அடைப்பை உடைக்க உத்தரவு வரும், மிச்சமிருக்கும் பயிராவது பிழைக்கும்.

படங்கள்தான் இல்லை. முந்தாநாள் காலையில் இந்தக் கம்ப்யூட்டரில் இருந்தவை மத்தியானத்துக்கு மேல் மாயமாகிவிட்டன. ட்ரோனில் இருந்த கார்டை, அடுத்த வேலைக்கு வேண்டுமென்று வழக்கம்போல அன்று காலையிலேயே துடைத்துவிட்டார்கள். வேறு பிரதி எடுத்து வைக்க பெரியநாயகசாமிக்கு மனசு வராது. அவர் கைச்சிக்கனம் ஊரறிந்தது.

"இவதான் மேடம் எடுத்தா!" படிக்கட்டிலிருந்து ஒரு குரல் இடித்தது.

பச்சைத் துண்டு, வெள்ளைச் சட்டை, நல்ல உயரம். விவசாயிகள் சங்கத் தலைவர் நடராசன். கூட்டம் தானாக விலகி வழிவிட்டது.

"இவ அண்ணன் இறால் தீவன வண்டி ஓட்டறான். அடைச்சது இறால் பண்ணைக்காரனாத்தான் இருக்கும், அவன் நிலத்துல. அவன் கையில படத்தைக் குடுத்திருக்கா. ஆவணியில எங்க பொண்ணு மேகலா கல்யாணத்துல முதல் பந்தியில உக்கார வெச்சு சோறு போட்டேன். அந்த நன்றி கூட இல்ல, பாருங்க!"

"சோத்தை அப்புறம் பார்ப்போம் தலைவரே. திருட்டுக்கு என்ன சாட்சி?"

"அவ எழுதின புரோகிராமே சாட்சி!"

அது உண்மைதான். அதுதான் கொடுமை. ஆபீஸ் கம்ப்யூட்டரில் யாராவது பென் டிரைவ் செருகினால் சத்தம் போட்டு, எது, எப்போது என்று குறித்து வைக்க ஒரு சின்ன புரோகிராமை ஜாஸ்லினே எழுதி, அதற்குக் 'காவல்காரன்' என்று பெயரும் வைத்திருந்தாள். முந்தாநாள் மத்தியானம் காவல்காரன் பிடித்தது ஒரே ஒரு பென் டிரைவைத்தான். அது ஜாஸ்லினுடையது.

"கிறிஸ்துமஸ் பாட்டு மேடம்," என்றாள் ஜாஸ்லின். குரல் நடுங்கவில்லை, கொதித்தது. "கோயில் பாடகர் குழுவுக்குப் பிரின்ட் எடுத்துட்டுக் கழட்டிட்டேன். எடுத்துட்டுக் கீழ டீ குடிக்கப் போனேன். திருடறவ, தானே எழுதின புரோகிராமுக்கு முன்னாடி வந்து நின்னு திருடுவாளா? எவ்ளோ தடவை சொல்றேன், ஒருத்தர் காதுலயும் ஏறலை."

"ஏறும்," என்றாள் குந்தவை. "இல்லன்னா ஏத்துவேன். நீ வந்து உக்காரு. பெரியநாயகசாமி சார், எழுந்திருங்க."

அவர் எழுந்தார்.

"உன் காவல்காரன் எப்படிக் கண்டுபிடிக்குது? எனக்குப் புரியற மாதிரி சொல்லு, இவனுக்கும் புரியற மாதிரி சொல்லு."

"கம்ப்யூட்டர்ல இருக்கிற ஒவ்வொரு டிரைவா போய், நீ எந்த வகைன்னு கேக்கும் மேடம். 'ரிமூவபிள்', அதாவது வந்து போறவன்னு பதில் வந்தா சத்தம் போடும். 'ஃபிக்ஸட்', இங்கேயே இருக்கிறவன்னு பதில் வந்தா விட்டுடும்."

இப்ராஹிம் தலையைச் சொறிந்தான். "அதாவது வாசல்ல நிக்கிற வாட்ச்மேன், வர்றவன்கிட்டயே 'நீ வெளியூரா, உள்ளூரா'ன்னு கேக்கறான். உள்ளூர்னா சலாம் போட்டு உள்ள விட்டுடறான்."

"பொய் சொல்லாதுங்க. அது மெஷின்," என்றாள் ஜாஸ்லின்.

"என் பையில நாலு மெஷின் இருக்கு. ஒண்ணொண்ணும் ஒரு ரகம்," என்றபடி அவன் பையைக் கவிழ்த்தான்.

முதலில் ஒரு பென் டிரைவ். செருகியதும் திரையில் சிவப்புக் கட்டம் குதித்தது, கம்ப்யூட்டர் கீச்சென்று கத்தியது. நடராசன் கூட்டத்தைப் பார்த்து, பார்த்தீர்களா என்பதுபோல் கையை விரித்தார்.

அடுத்து, வயருடன் கூடிய ஒரு கறுப்பு ஹார்ட் டிஸ்க். உள்ளங்கை அகலப் பெட்டி. செருகினான். திரையின் ஓரத்தில், புதுச் சாதனத்தைத் தயார்செய்துகொண்டிருப்பதாக ஒரு சின்ன அறிவிப்பு எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தது. டிரைவ் வரிசையில் அந்த டிஸ்க்கைக் குறிக்கும் ஓர் எழுத்து புதிதாக வந்து உட்கார்ந்தது. உள்ளே இப்ராஹிம் சேர்த்து வைத்த சினிமாக்கள் அத்தனையும் தெரிந்தன.

காவல்காரன் மட்டும் வாயைத் திறக்கவே இல்லை.

ஜாஸ்லின் கீபோர்டில் எதையோ தட்டிப் பார்த்தாள். முகம் வெளுத்தது. "மேடம்... இது 'ஃபிக்ஸட்'னு சொல்லுது. நான் பென் டிரைவை மட்டும் வெச்சுத்தான் சோதிச்சேன். ஹார்ட் டிஸ்க் வெளியில இருந்து வந்தாலும், தன்னை இங்கேயே இருக்கிறவன்னு சொல்லிக்குது. நான் கேட்ட கேள்வியே தப்பு."

"சரியான கேள்வி எது?"

"நீ யாருன்னு கேக்கக் கூடாது. எந்த வழியா வந்தேன்னு கேக்கணும். யூஎஸ்பி வாசல் வழியா வந்திருந்தா, அது என்ன சொல்லிக்கிட்டாலும் வெளியாள்தான்."

"மாத்தி எழுது. இப்பவே."

அவள் விரல்கள் ஓட ஆரம்பித்தன. குந்தவை இப்ராஹிமின் டிஸ்க்கைக் கழற்றி மறுபடி செருகினாள். திரையின் ஓரத்தையே பார்த்தாள். இந்தத் தடவை அந்தச் சின்ன அறிவிப்பு வரவில்லை.

"இப்ராஹிம், கவனிச்சியா?"

"முதல் தடவை மாப்பிள்ளை அழைப்பு. ரெண்டாம் தடவை, 'வாங்க, காபி கீழ இருக்கு'. மறு வீட்டு மரியாதை அவ்ளோதான் மேடம்."

"சாமான் பழக்கமானதுன்னா கம்ப்யூட்டர் அறிமுகம் கேக்காது. இதை ஞாபகம் வெச்சுக்க."

பிறகு அவள் மேசைக்கு அடியில் குனிந்தாள். போன் வெளிச்சத்தில் கம்ப்யூட்டர் பெட்டியின் முதுகைப் பார்த்தாள். தூசு, சிலந்தி வலை, சுருண்ட வயர்கள். வரிசையாக இருந்த துளைகளில் ஒன்றின் ஓரத்தில் மட்டும் தூசு கலைந்து, மஞ்சளும் சிவப்புமாக ஒரு தீற்றல். விரலால் தொட்டாள். வெளியே வந்து விரலை நீட்டினாள்.

"பெரியநாயகசாமி சார், உங்க ஆபீஸ்ல ஆயுத பூஜை உண்டா?"

"நாங்க பொட்டு வைக்கறதில்லைங்க. ட்ரோன் வாங்கினப்ப கூட வேளாங்கண்ணித் தீர்த்தம்தான் தெளிச்சோம்." சுவரில் மாதா படமும் காய்ந்த குருத்தோலைச் சிலுவையும் அதற்குச் சாட்சியாகத் தொங்கின. எந்த மெஷினிலும் ஒரு பொட்டு இல்லை.

"ஜாஸ்லினும் வைக்க மாட்டா, நானும் வைக்க மாட்டேன்," என்றான் இப்ராஹிம். குந்தவையின் விரலை மூக்கருகே இழுத்து முகர்ந்தான். சட்டென்று அவன் முகத்திலிருந்து விளையாட்டுப் போய்விட்டது. "மேடம், ஆயுத பூஜைன்னா சந்தனம் குங்குமம். இது மஞ்சள் குங்குமம். இது கல்யாண வீட்டு டிஸ்க்."

"எப்படிச் சொல்றே?"

"அஞ்சாறு வருஷம் இதே பொழப்புதானே. இப்ப யாரும் சிடி கேக்கறதில்ல. வீடியோ மொத்தத்தையும் ஹார்ட் டிஸ்க்ல போட்டுக் குடுக்கணும். சும்மா கையில வாங்க மாட்டாங்க. தாம்பாளத்துல வெத்தலை பாக்கு பழத்தோட வெச்சு, பெட்டிக்கு மேல மஞ்சள் குங்குமம் வெச்சு வாங்குவாங்க. வயர்ல கூட ஈஷியிருக்கும். அப்புறம் அது சாமி ரூமுக்குப் போயிடும். யாரும் போட்டுப் பாக்கறதே இல்லை, அது வேற கதை."

குந்தவை மெதுவாகப் பெரியநாயகசாமியிடம் திரும்பினாள்.

"முந்தாநாள் மத்தியானம் இங்க யார் வந்தது?"

"வெளியாள் யாரும் வரலைங்க. சத்தியமா."

"வெளியாளைக் கேக்கலை. யார் வந்ததுன்னு கேட்டேன்."

அவர் உதட்டை நனைத்துக்கொண்டார். "நம்ம தலைவர் காலையில வந்து படத்தைப் பாத்துட்டுப் போனாரு. மத்தியானம் நான் சாப்பிடப் போறப்ப மறுபடி வந்தாரு, கையில ஒரு பையோட. 'நீங்க போங்க, நான் இருக்கேன்'னாரு. அவரு நம்மாளுங்க. அவரையா கணக்குல சேர்க்கிறது?"

"ஏன் சேர்க்கலை?" குந்தவையின் குரலில் மேசைமேல் இருந்த பேனா உருளாத குறைதான். "அந்தப் பொண்ணு எழுதின புரோகிராம் ஒரு தப்புப் பண்ணுச்சு. அதையே நீங்க அத்தனை பேரும் பண்ணியிருக்கீங்க. இங்கேயே இருக்கிறவன்னு ஒருத்தர் சொன்னா போதும், அவர் பையில என்ன இருக்குன்னு பாக்க மாட்டீங்க. வயசுப் பொண்ணு, அண்ணன் வண்டி ஓட்டறான், போதும், மூலையில நிக்க வெச்சுடுவீங்க. அவளுக்குப் புத்தி இருக்கு, தப்பைப் பாத்த உடனே திருத்த உக்காந்துட்டா. நீங்க?"

நடராசன் சிரிக்க முயன்றார்.

"என்னம்மா பேசறீங்க? நானும் விவசாயிதான். என் வயலும்தான் மூழ்கிக் கிடக்கு. கல்யாண டிஸ்க் இந்த ஊர்ல என் வீட்ல மட்டுமா இருக்கு?"

அப்போது படியிலிருந்து ராஜாத்தி எழுந்தாள். தஞ்சாவூருக்கு பஸ் ஏறி வந்து குந்தவையை அழைத்தவள் அவள்தான். குத்தகைக்கு எடுத்த நிலம் முழுக்கத் தண்ணீரில். பயிர் போனால் அடுத்த வருஷம் குத்தகையும் இல்லை, சோறும் இல்லை. அவள் யாரிடமும் உத்தரவு கேட்கவில்லை. போனை எடுத்து, சத்தத்தைக் கூட்டி, நடராசன் வீட்டுக்கே போட்டாள்.

"கயல்விழியக்கா, மேகலா கல்யாண வீடியோ பெட்டி வீட்ல இருக்காக்கா?"

"சாமி மாடத்துலதான் இருக்கு. ஏண்டி?" நடராசன் மனைவியின் குரல் எல்லோருக்கும் கேட்டது. "முந்தாநாள் கூட இவரு எடுத்துட்டுப் போயி கொண்டாந்து வெச்சாரு. மஞ்சள் குங்குமமெல்லாம் ஈஷிக் கெடந்துச்சு. நான்தான் தொடைச்சு மறுபடி வெச்சேன். என்னடி, சத்தத்தையே காணோம்?"

"அது சிங்கப்பூருக்கு அனுப்பறதுக்கு!" நடராசன் கத்தினார். "மாப்பிள்ளை வீட்ல காப்பி கேட்டாங்க. தஞ்சாவூர்ல ஸ்டுடியோவுல குடுத்து எடுத்தேன். அந்தப் பெட்டி இந்த ரூமுக்குள்ளயே வந்ததில்ல. மேகலா மேல சத்தியம்!"

குந்தவைக்கு அந்த இடத்தில்தான் நிஜமாகக் கோபம் வந்தது. திருடியதற்குக் கூட அவ்வளவு வரவில்லை, பெற்ற பெண்ணின் மேல் அத்தனை சுலபமாகச் சத்தியம் செய்தாரே, அதற்கு வந்தது.

"நல்லது," என்றாள். "இந்த ரூமுக்குள்ளயே வந்ததில்ல. அப்ப இந்தக் கம்ப்யூட்டருக்கு அது புது ஆள். இப்ராஹிம், போய் அந்தம்மாவைக் கூட்டிட்டு வா. பெட்டியை அவங்க கையிலயே எடுத்துட்டு வரட்டும்."

கயல்விழி பெட்டியைப் பட்டுத் துணியில் சுற்றி மார்போடு அணைத்து எடுத்து வந்தாள். காரில் வரும்போது இப்ராஹிம் ஒரு வார்த்தை பேசவில்லையாம், அவளாகவே கல்யாணத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தாளாம். படியேறியவள் புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவர் பார்க்கவில்லை. அவள் சிரிப்பு பாதியில் நின்றது.

"நீயே செருகு," என்றாள் குந்தவை ஜாஸ்லினிடம். "எல்லாரும் திரையோட ஓரத்தைப் பாருங்க. புது ஆளா இருந்தா முதல்ல அங்க அறிமுகம் வரும். இப்ராஹிம் டிஸ்க்குக்கு வந்ததைப் பாத்தீங்க இல்ல? அது வந்துச்சுன்னா, தலைவர்கிட்ட நானே மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிடறேன்."

ஜாஸ்லின் செருகினாள்.

திரையின் ஓரம் வெறுமையாகவே இருந்தது. அறிமுகம் இல்லை. கம்ப்யூட்டர் அந்தப் பெட்டியை ஏற்கெனவே அறிந்திருந்தது.

அடுத்த நொடி சிவப்புக் கட்டம் குதித்தது. திருத்தி எழுதப்பட்ட காவல்காரன் கீச்சென்று கத்தினான். கட்டத்துக்குள், வந்த பெட்டியின் பெயர் பெரிய எழுத்தில் நின்றது: மேகலா திருமணம்.

"ரூமுக்குள்ளயே வராத பெட்டியை இது எப்படித் தலைவரே தெரிஞ்சு வெச்சிருக்கு?" என்று கேட்டான் இப்ராஹிம். "ஒருவேளை கல்யாணத்துக்கு வந்து மொய் எழுதியிருக்குமோ?"

ஜாஸ்லின் பெட்டியைத் திறந்தாள். நலங்கு, பெண் அழைப்பு, முகூர்த்தம் என்று வரிசையாக ஃபோல்டர்கள். கடைசியில் ஒன்று மட்டும் கல்யாணத்தோடு சேராதது. அதற்கு அவளே வைத்த பெயர்: கீழ்வேளூர் வடிகால்.

படம் திரையை நிறைத்தது. மேலிருந்து பார்த்தால் ஊர் முழுக்கச் செங்காவித் தண்ணீர். நடுவில் வடிகால் நேராக வந்து, ஒரு இடத்தில் டக்கென்று நின்றது. குறுக்கே மணல் மூட்டை அடுக்கிய அணை. அணைக்கு அப்பால் சதுரம் சதுரமாக இறால் குட்டைகள், கரை உடையாமல் பத்திரமாக. ஓரத்தில் பச்சைத் தகரம் போட்ட ஒரு மோட்டார் கொட்டகை.

"இறால்காரன் நிலம்னுதானே சொன்னாரு," என்றாள் ராஜாத்தி. "இது யாரு கொட்டகை?"

நடராசன் வாயைத் திறப்பதற்குள் கயல்விழி சொன்னாள்.

"எங்க கொட்டகை."

அப்புறம்தான் அவர் பேசினார். குரல் கீழே இறங்கியிருந்தது. பின்பக்க நிலத்தை யாருக்கும் தெரியாமல் இறாலுக்குக் குத்தகை விட்டதை, குட்டைக்குள் மழைத்தண்ணீர் ஏறாமல் இருக்க வடிகாலை அடைத்ததை, முந்தாநாள் காலையில் திரையில் தன் கொட்டகையைப் பார்த்ததும் வீட்டுக்கு ஓடிப் பெட்டியை எடுத்து வந்ததை. "டெலிட் பண்ணினா குப்பைத்தொட்டியிலேர்ந்து இந்தப் பொண்ணு திருப்பி எடுத்துடும். முன்னாடி ஒரு தடவை எனக்கே எடுத்துக் குடுத்திருக்கு. அதான் கட் பண்ணி வேற பெட்டியில போட்டேன். வீட்ல இருந்தது அது ஒண்ணுதான். அப்புறம் ஆத்துல வீசிடலாம்னு பாலம் வரைக்கும் போனேன். மேகலா கல்யாணம் முழுக்க அதுல இருக்கு. மனசு வரலை."

"உங்க பொண்ணு பெட்டியைத் தூக்கிப் போட மனசு வரலை," என்றாள் குந்தவை. "சவரியம்மாள் பெத்த இந்த ஜாஸ்லினைத் தூக்கிப் போட மனசு வந்துச்சு. காலையிலேர்ந்து அந்தம்மா கீழ கடை வாசல்ல உக்காந்து அழுதுட்டு இருக்காங்க. நீங்க அவங்களைத் தாண்டித்தான் மேல வந்தீங்க."

அவர் ஜாஸ்லின் பக்கம் திரும்பிக் கையைக் கூப்பினார். "மன்னிச்சுக்கம்மா."

"மாட்டேன்," என்றாள் ஜாஸ்லின். அவ்வளவுதான். திரையைப் பார்த்தபடி, படங்களை வேறு இடத்துக்கு ஏற்ற ஆரம்பித்தாள். "கயல்விழி அத்தை, காப்பி எடுத்துட்டு உங்க பெட்டியைக் குடுத்துடறேன். கல்யாண வீடியோவுக்கு ஒண்ணும் ஆகாது."

கயல்விழி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ராஜாத்தியின் வயல் எது என்று அவளுக்கு மேலிருந்து பார்த்தாலும் தெரிந்தது. இரண்டு பேரும் சேர்ந்து நடவுக்குப் போன வயல்தான்.

"காப்பி வேணாம்மா," என்றாள். "பெட்டியையே கொண்டுபோ. அங்க அதிகாரி பாக்கட்டும், எந்தப் பெட்டியில இருந்துச்சுன்னு. அந்தக் குத்தகைப் பணத்துலதானே இந்தக் கல்யாணமே நடந்துச்சு."

ஜாஸ்லின் தயங்கிப் பெட்டியைக் கழற்றினாள். கயல்விழி அதை வாங்கினாள். முந்தானையை எடுத்து, பெட்டியின் மேலிருந்த மஞ்சள் குங்குமத்தை ஒரு துளி இல்லாமல் அழுத்தித் துடைத்தாள். பிறகு ராஜாத்தியின் கையில் வைத்தாள்.

"கிளம்புங்க. விசாரணைக்கு நேரமாச்சு."